பாசியும் பையெலியும்

பங்குனி பிறந்துவிட்டால் மேல்கரைப்பட்டில் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "எவ்வளவு ஏறியிருக்கு?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டு எதிரில் நிற்பவரின் தொப்பையை ஒரு பார்வை பார்ப்பார்கள். அது சின்னதாக இருந்தால் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

சித்திரை, வைகாசியில் பாலாற்றங்கரையில் வெளியே நின்றால் மனிதன் பிழைக்க மாட்டான் என்ற நிலை வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது. அதனால் ஊரே தூங்கிவிடுகிறது. பங்குனிக் கடைசியில் படுத்தால் ஆடி மழைக்கு எழுந்திருப்பது. இதற்குக் கோடைத்துயில் என்று பெயர். பள்ளிக்கூடம், கோர்ட்டு, பஸ், கல்யாண முகூர்த்தம் எல்லாம் இதற்கேற்றபடி தங்களை மாற்றிக்கொண்டன. அக்னி நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தில் படிக்கலாம். கண்ணால் பார்த்தவர்கள் ஊரில் அநேகமாக இல்லை.

தூங்குவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்றை மனிதன் ஒரு பாசியிடமிருந்து கற்றுக்கொண்டான். மற்றொன்றை எலியளவே உள்ள ஒரு பிராணியிடமிருந்து கற்றுக்கொண்டான்.

பாசி என்றால் கிணற்றுச் சுவரில் வழுக்குமே, அது அல்ல. பாலைவனப் பாறையில் ஒட்டிக் கிடக்கும் ஒரு சின்ன ரகம். தண்ணீரே இல்லாமல் வருடக்கணக்கில் கருகிக் கிடக்கும். ஒரு சொட்டு விழுந்தால் கண்ணெதிரிலேயே பச்சை பிடித்துக்கொள்ளும். காயும்போது அது தனக்குள் ஒருவகைச் சர்க்கரையைச் சுரந்து, உயிரைக் கற்கண்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறது. அந்த வித்தையை மனித உடம்புக்கு ஏற்றிவிட்டார்கள். பாசித்துயில் கொள்கிறவர் ஒரு கோப்பை மருந்தைக் குடித்துவிட்டுப் பாசிக்கூடம் என்னும் உலர்கூடத்தில் படுப்பார். நீர் வற்றும், மூச்சு நிற்கும், நாடி நிற்கும், கூடவே வயதும் நின்றுவிடும். ஆடியில் நீர் தெளித்தால் எழுந்து உட்காருவார்.

பையெலி பனிமலைப் பிராணி. கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம். வயிற்றில் குட்டி சுமக்கப் பையும் உண்டு, ஆனால் ஆள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுவார். பனிக்கு முன்னால் அந்துப்பூச்சிகளை மாங்குமாங்கென்று தின்று பருத்து, பாறை இடுக்கில் சுருண்டு, உடம்பைக் குளிரவிட்டு மாதக்கணக்கில் தூங்கும். நடுநடுவே தானே உடம்பைச் சூடேற்றிக்கொண்டு விழிக்கும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். கொழுப்பு தீர்ந்ததும் யாரும் எழுப்பாமலே எழுந்துவிடும்.

ஆக, பாசிக்காரரை யாராவது எழுப்ப வேண்டும். பையெலிக்காரர் தானே எழுந்துகொள்வார். ஆனால் அவர் ஒரு மாதம் மூச்சுமுட்டத் தின்ன வேண்டும், இருட்டில் நடுநடுவே விழித்து அவஸ்தைப்பட வேண்டும், மற்றவர்கள் இளமையாக இருக்கும்போது தான் மட்டும் கிழடாகவும் வேண்டும். எது உசத்தி என்று வருடாவருடம் தை மாதத்தில் பட்டிமன்றம் நடக்கும். இரண்டும் நமக்கு இரு கண்கள் என்று நடுவர் தீர்ப்புச் சொல்லிவிட்டு, பொன்னாடையை மடித்துக்கொண்டு ஊர் போய்ச் சேருவார்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த கன்னியப்பன் பரம்பரைப் பையெலி. அவன் மனைவி வேதவல்லி கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். கல்யாணமான நாளிலிருந்து அவளும் பையெலிதான். இந்தப் பங்குனியில்தான் கேசரிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"இந்த வருசம் நான் பாசி."

கன்னியப்பன் மூன்றாவது போளியைப் பாதியில் நிறுத்தினான். "இன்னா திடீர்னு?"

"திடீர்னு ஒண்ணும் இல்ல. பங்குனியில ஒரு சைஸு, ஆடியில ஒரு சைஸு. எத்தினி ஜாக்கெட்டுதான் தெச்சிக்கிறது? தின்னு தின்னு வாய் வலிக்குது."

"அதுக்காக?"

"எங்க காலேஜில என்னைவிட மூத்தவ ஒருத்தி பாசி. அவ பொண்ணும் அவளும் நடந்து வந்தா யாரு அம்மான்னு தெரியல. நான் கண்ணாடியில என் மூஞ்சிய பாத்தா எங்க மாமியார் தெரியறாங்க."

தன் அம்மாவை இழுத்ததில் கன்னியப்பனுக்குச் சுருக்கென்றது. உண்மையில் அவனைப் பயமுறுத்தியது வேறு. பையெலிகள் தூங்கும் குளிர்ந்த இருட்டுக் கூடத்தில் விழிக்கும்போதெல்லாம் பக்கத்துப் படுக்கையில் வேதவல்லி இருப்பாள். இருவரும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, பல் தந்தியடிக்க, ஊர்க்கதை பேசுவார்கள். வருடத்தில் அவர்கள் சண்டையில்லாமல் பேசிக்கொள்வதே அப்போதுதான். அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, பாசிக்காரர்கள் சோம்பேறிகள், வற்றல்கள் என்று ஆரம்பித்து, துயில்நாள் வரை சண்டையை இழுத்துக்கொண்டே போனான்.

துயில்நாளன்று பாசிக்கூடத்தில் பெரிய விழா. கல்யாண மண்டபம் வைத்திருக்கும் ஏகாம்பரம், பாசிக்காரர்களில் முக்கியப் புள்ளி, கூடத்தின் கூரையில் ஒரு திருப்பணி செய்திருந்தார். அங்கே மழையுணரி என்று தாம்பாளம் அளவுக்கு ஒரு செப்புத் தட்டு உண்டு. மழைநீர் அதன்மேல் கொட்டினால் உள்ளே குழாய்கள் திறந்து, மருந்து கலந்த நீர் பனிபோல இறங்கும். அதைப் பொருத்திய கம்பெனி ஆட்கள் எல்லாவற்றையும் சோதித்துவிட்டுப் போன பிறகு, ஏகாம்பரத்தின் மனதில் ஒரு குறை உறுத்தியிருக்கிறது.

"காக்கா எச்சம் போடுது. நாளெல்லாம் வெயில்ல கெடக்குது. நம்மள எழுப்புற தெய்வத்துக்கு ஒரு நெழல் வேணாமா?" என்று மைக்கில் கேட்டார். கூட்டம் வேணும் வேணும் என்றது. நான்கு கருங்கல் தூண், மேலே குட்டி விமானம், நெற்றியில் "உபயம்: ஏகாம்பரம் குடும்பத்தார்" என்று பெரிய எழுத்து. அர்ச்சகர் தட்டுக்குச் சந்தனக் காப்புச் சாத்திக் குங்குமம் வைத்தார். படித்தவள் என்பதற்காக வேதவல்லியைக் கூப்பிட்டுக் குத்துவிளக்கு ஏற்றச் சொன்னார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். கோபத்தில் இருந்த கன்னியப்பனும் தட்டினான்.

பிறகு உலர்கூடத்து வாசல். மருந்தைக் குடித்துவிட்டால் பேசக்கூடாது, உதடு அப்போதே காய ஆரம்பித்துவிடும்.

"அப்ப நான் வரட்டா?" என்றாள் வேதவல்லி.

"போ. போய்க் காயி," என்றான் கன்னியப்பன்.

அவள் திரும்பிப் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கோப்பையை அவள் கையில் திணித்துவிட்டார்கள். அவனை முறைத்துக்கொண்டே குடித்தாள். கதவு மூடிக்கொண்டது.

பையெலிக் கூடத்தில் முதல் விழிப்பிலேயே அந்தக் 'காயி' என்ற வார்த்தை அவன் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. பக்கத்துப் படுக்கையில் இப்போது தஸ்தகீர் பாய். பிரியாணிக் கடைக்காரர். ஊரைக் கொழுக்க வைப்பதில் பாதிப் பங்கு அவருடையது. இருவரும் நடுங்கிக்கொண்டே தாயம் உருட்டினார்கள்.

"வூட்டுக்காரம்மா ஞாபகமா தம்பி?"

"கடைசியா சொன்ன வார்த்தை சரியில்ல பாய்."

"எழுந்ததும் சாரி கேட்டுடு. அவங்களுக்கு ஒரு நிமிசம்தான் ஆயிருக்கும். நீதான் மாசக்கணக்கா அதை மென்னுக்கினு கெடக்கிற."

ஒவ்வொரு விழிப்பிலும் கன்னியப்பன் இளைத்துக்கொண்டே வந்தான். கடைசி விழிப்பில் கூரையின்மேல் மழை அடிப்பது கேட்டது. இந்நேரம் வேதவல்லி எழுந்திருப்பாள் என்று நினைத்தபோது மனது லேசானது. அந்த நிம்மதியிலேயே மறுபடி தூங்கிப்போனான்.

பையெலிகள் வெளியே வரும் நாளன்று பாசிக்காரர்கள் வாசலில் காபியோடு நிற்பது வழக்கம். தொளதொளத்த சட்டையும் ஒட்டிய கன்னமுமாக வருகிறவர்களைப் பார்த்து "கொக்குங்க வருது, வழி விடுங்க" என்று கேலி செய்வார்கள். இந்த வருடம் வாசலில் யாரும் இல்லை. தெரு நெடுகப் புல் முளைத்திருந்தது. பாலாற்றில் தண்ணீர் ஓடியது. மழை வந்து போய் நாளாகியிருந்தது. ஊரில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை.

கன்னியப்பன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஓடினான் என்பது அவன் நினைப்பு. துயில் கழித்து எழுந்த கால்கள் அவனை நடத்தித்தான் கூட்டிப்போயின. பாசிக்கூடத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தான். வரிசை வரிசையாகப் பலகைத் தட்டுகளில் ஊர்க்காரர்கள் படுத்திருந்தார்கள். இரண்டாம் வரிசையில் வேதவல்லி. பழைய காகிதம் போலத் தோல், புருவம் மட்டும் அன்றைக்குப் போலவே நெரிந்திருந்தது. அவள் செத்துக் கிடப்பதாக ஒரு கணம் தோன்ற, கண்ணை மூடிக்கொண்டான்.

"கண்ணாடியப் பாரு," என்றார் பின்னால் வந்த தஸ்தகீர். "உள்பக்கமா வேர்த்திருக்கு."

கன்னியப்பன் கண்ணைத் திறந்து கண்ணாடியைத் தடவிப் பார்த்தான். பாசித்துயிலில் எல்லோருக்கும் முதலில் சொல்லித்தருவது ஒன்றே ஒன்றுதான். முழுக்கக் காய்ந்திருந்தால் பயமில்லை. முழுக்க நனைந்தால் பயமில்லை. அப்பளம் மழைக்காலத்தில் நமுத்துப் போகிறதே, அப்படி அரைகுறையாக ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் கற்கண்டு கரைய ஆரம்பிக்கும். உயிர் விழிக்காமலே கெட்டுப்போகும். கூடத்தின் காற்றை உலர்த்தும் இயந்திரம் வெயிலில் ஓடுவது. வானம் மூடிக்கிடந்ததில் அது நின்றுபோயிருந்தது.

கம்பெனியைக் கூப்பிட்டார்கள். கம்பெனியும் தூங்கிக்கொண்டிருந்தது. ஆடிப் பெருக்குக்குப் பிறகு தொடர்புகொள்ளுங்கள் என்று ஒரு பெண்குரல் இனிமையாகச் சொன்னது. கதவை உடைக்கலாம் என்றால், எழுந்து வந்த பையெலிகளில் ஒரு பாறாங்கல்லைத் தூக்குகிற தெம்பு ஒருவருக்கும் இல்லை. உடைத்தாலும் வாளித் தண்ணீரை ஊற்றி எழுப்ப முடியாது, மருந்து நீர் பனியாக இறங்கினால்தான் உண்டு.

"மழை பெஞ்சிருக்கு. குழாய் ஏன் தொறக்கல?" என்று கன்னியப்பன் தனக்குள் கேட்டுக்கொண்டான். கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். கூரையின்மேல் கருங்கல் விமானம் மழையில் குளித்து ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது.

அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அடித்துக்கொண்டான்.

"பாய், மழை விழுறதுக்குன்னு வெச்ச தட்டுக்கு நாம கொடை கட்டி வெச்சிருக்கோம். நானும் கைதட்டினேன்."

"நானும்தான். சாப்பாடு போட்டதே நான்தான்," என்றார் தஸ்தகீர்.

ஏணியைப் பிடித்து ஏறினார்கள். கூரையெங்கும் மழை ஈரம் ஊறியிருந்தது. மண்டபத்துக்குள் மட்டும் தூசி பறந்தது. திருப்பணி அவ்வளவு சுத்தமாகச் செய்யப்பட்டிருந்தது, சாரல்கூட உள்ளே வரவில்லை. தஸ்தகீர் கீழே இறங்கிப் போய், விழாவுக்குக் கொண்டுவந்திருந்த பிரியாணி தேக்சாவில் தண்ணீர் மொண்டு, மேலே நின்றவர்கள் கைமாற்றி வாங்க, ஒருவழியாக ஏற்றினார். கன்னியப்பன் தட்டின்மேல் ஊற்றினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு தேக்சா. அதற்கும் அசைவில்லை. காய்ந்து ஓடாகிப்போன சந்தனக் காப்பு தண்ணீரை வழித்துக் கீழே விட்டது. கன்னியப்பன் மண்டியிட்டு, வேட்டித் தலைப்பால் தேய்த்தான். நகத்தால் சுரண்டினான். "வேதா, வேதா" என்று சொல்லிக்கொண்டே சுரண்டியது அவனுக்கே தெரியாது. குங்குமமும் சந்தனமும் கரைந்து ஓட, அடியில் செம்பு பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவது தேக்சாவைத் தூக்கக் கை வரவில்லை. மேலே ஏறி வந்த தஸ்தகீர் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

உள்ளே எங்கோ ஒரு குழாய் இருமியது. பிறகு உஸ்ஸென்று ஒரு சத்தம். நூறு குக்கர்கள் ஒன்றாக மூச்சுவிடுவதுபோல இருந்தது. கன்னியப்பன் கூரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

கதவு தானாகத் திறந்தபோது அவன் முதல் ஆளாக நின்றான். பனிமூட்டத்துக்குள் காகிதத் தோல்கள் மினுமினுக்க ஆரம்பித்தன. கன்னங்கள் நிரம்பின. யாரோ தும்மினார்கள். இரண்டாம் வரிசையில் வேதவல்லி விலுக்கென்று எழுந்து உட்கார்ந்தாள். அவனைப் பார்த்தாள். நெரிந்திருந்த புருவம் இன்னும் நெரிந்தது.

"யாரைக் காயச் சொல்றீங்க? உங்க வாயி காய. நாலு பேர் எதிர்ல பேசற பேச்சா அது? எங்கப்பா ஒரு வார்த்தை என்னைச் சொன்னதில்ல, தெரியுமா?"

அவளுக்கு அது பங்குனி. கதவு மூடி ஒரு நிமிடம்தான் ஆகியிருந்தது. கன்னியப்பன் அவள் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரியும், சொல்லு, இன்னும் சொல்லு" என்றான். அவள் திட்டத் திட்ட அவனுக்கு உடம்பெல்லாம் தெம்பு வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவன் ஒட்டிய கன்னத்தையும், நகக்கண்ணில் ரத்தத்தையும் அவள் கவனித்தாள்.

"இன்னாங்க ஆச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

ஒருவர்கூடக் கெட்டுப்போகவில்லை. ஏகாம்பரத்துக்கு மட்டும் இரண்டு நாள் இடதுகாது கேட்கவில்லை, அதுவும் சரியாயிற்று. நடந்ததைக் கேள்விப்பட்டதும் அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஊர்க்கூட்டம் போட்டு, கன்னியப்பனுக்கும் தஸ்தகீருக்கும் பொன்னாடை போர்த்தினார். பெண்கள் கன்னியப்பனுக்கு ஆரத்தி எடுத்தார்கள். யாரைப் பார்த்தாலும் பிழைத்தோம் என்ற சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

"அந்த மண்டபத்தை எடுத்துடுவீங்கல்ல?" என்று கன்னியப்பன் கேட்டான்.

கூட்டத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுப்பிய திருப்பணியை இடிப்பதாவது? விமானம் வேறு இருக்கிறது. ஏகாம்பரம்தான் வழி சொன்னார்.

"எதுக்கு இடிக்கணும்? வருசா வருசம் எழுந்து வர்ற பையெலி ஒருத்தர் மேல ஏறி மழை ஊத்தட்டும். அதையே ஒரு விழாவா வெச்சிடுவோம். முதல் மரியாதை கன்னியப்பனுக்கு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்த தை மாதப் பட்டிமன்றத்தில் நடுவர் முதல்முறையாக ஒரு பக்கம் சாய்ந்தார். பையெலியே சிறந்தது, அது இருப்பதால்தான் பாசி பத்திரமாக இருக்கிறது என்றார். ஊர் அதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டு, வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்தது. இனிப் பயமே இல்லை, எழுப்பத்தான் பையெலிகள் இருக்கிறார்களே.

பங்குனியில் ஏகாம்பரத்தின் கல்யாண மண்டபத்தில் பையெலி விருந்து. வழக்கமாகப் பந்தி பந்தியாக உட்கார்ந்து, இடத்துக்குச் சண்டை நடக்கும். கன்னியப்பன் உள்ளே போனபோது நீளமான மேசையில் இரண்டே இலைகள் கிடந்தன. ஓர் இலையில் லாரி ஓட்டுகிற லூர்துசாமி உட்கார்ந்திருந்தார். பாசியா பையெலியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை, சாப்பிட்டுவிட்டு யோசிக்கலாம் என்று வந்ததாகச் சொன்னார். மற்றது கன்னியப்பனுக்கு.

ஆனால் மண்டபம் நிறைந்திருந்தது. ஊரே தூக்குச்சட்டியோடு வந்து வரிசையில் நின்றது. அதிரசம், நெய்யில் மிதக்கும் பொங்கல், மைசூர்பாகு, முந்திரி வறுவல். முன்னால் தேக்சாவோடு தஸ்தகீர்.

"பாய், உங்க எலை எங்க?"

தஸ்தகீர் கரண்டியைப் பார்த்தார். "எனக்கும் வயசாவுது தம்பி. கொஞ்ச வருசம் பாசியில நிறுத்தி வெக்கலாம்னு... நீ இருக்கியே."

ஒவ்வொருவரும் குனிந்து அவன் இலையில் ஒரு கரண்டி வைத்தார்கள். "நல்லா சாப்பிடுங்க" என்று தோளைத் தட்டினார்கள். சிலர் அவன் கையைத் தொட்டுச் சதைப் பிடிப்பைப் பார்த்துத் திருப்தியோடு நகர்ந்தார்கள். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாவைத் தடவுவது இப்படித்தான் என்று கன்னியப்பனுக்குப் பட்டது.

"நான் முழிக்கலன்னா?" என்று கேட்டான்.

வரிசை நின்றது.

"நல்ல நாளும் அதுவுமா அபசகுனமா பேசாதீங்க," என்று ஏகாம்பரம் அவசரமாக இன்னொரு வடையை வைத்தார்.

வேதவல்லி வரிசையின் ஓரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். பாசிக்குப் பேர் கொடுத்திருந்தவர்களில் அவளும் ஒருத்தி. மலைபோல் குவிந்த இலைக்குப் பின்னால் புருஷனின் முகம் மட்டும் தெரிந்தது. அவன் தன்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயற்சி செய்வது அவளுக்குப் புரிந்தது. கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வந்து அவன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு எலை போடுங்க."

"ஜாக்கெட்டு?" என்றான் கன்னியப்பன்.

"பெருசா தெச்சிக்கிறேன். அந்த மாமியார் மூஞ்சியும் இருந்துட்டுப் போவுது."

அவன் தன் இலையிலிருந்த போளிகளில் மென்மையான ஒன்றை எடுத்து அவள் இலையில் வைத்தான். இருட்டுக் கூடத்தில் ஒரே போர்வை, பல் தந்தியடிக்க ஊர்க்கதை. அவனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மண்டபம் முழுவதும் பெருமூச்சுவிட்டது. ஆளாளுக்குச் சிரித்துக்கொண்டார்கள். எதிர் இலையில் லூர்துசாமி சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினார். இவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது.

"இப்பதான் ரெண்டு பேர் ஆயிட்டீங்களே," என்று இலையை மடித்துவிட்டு, பாசிக்குப் பேர் கொடுக்க எழுந்து போனார்.